மின்சாரம் இல்லாத நேரத்தில் பேசிய மோட்டார்

கிணற்று மோட்டார்களும் கரும்பாலைகளும் மருந்து தெளிப்பான்களும் இணையத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அவை கூடும் குழுவுக்குக் ‘கிணத்தடி’ என்று பெயர். பேரிங் சத்தம் போட்டால் அங்கேதான் கேட்கும். வால்வு ஒழுகினால் அங்கேதான் புலம்பும். அனுபவப்பட்டவர் யாராவது ஒருவர் பதில் சொல்லுவார். சொன்னதற்குக் காசும் இல்லை, கும்பிடும் இல்லை.

குழுவின் வாசலில் ஸ்டார்ட்டர் பெட்டி காவல் இருந்தது. அதற்கு இரண்டே பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் உள்ளே வரலாம். சிவப்பை அழுத்தினால் வெளியே போக வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. த்ரீ பேஸ் கரண்டு வந்தால்தான் மோட்டார்களுக்கு உயிர் வரும். உயிர் வந்தால்தான் வாய் வரும். கரண்டு வந்ததும் குழு கலகலவென்று நிறையும். போனதும் பாதிப் பேச்சில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் டீசலில் ஓடும் ஒன்றிரண்டு பேர் மட்டும் விழித்திருப்பார்கள். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்று எவனாவது எழுதி வைப்பானா?

அந்தக் குழுவுக்குள் ஒருநாள் ஒரு கிரீஸ் டப்பா வந்து சேர்ந்தது. ‘காராளன் கிரீஸ்’ என்று அதற்குப் பெயர். சூலூர்ப் பக்கம் சென்னியப்பன் என்கிற பட்டறைக்காரர் காய்ச்சிய சரக்கு. நல்ல சரக்கு. வெயிலுக்கு இளகாது, தண்ணீருக்குக் கரையாது. ஆனால் வாங்க ஆள் இல்லாமல் கொட்டகை நிறையத் தேங்கிக் கிடந்தது. ஆடிப் பதினெட்டுக்குள் நகராவிட்டால், கிரீஸ் செங்கல் சூளைக்கு எரிக்கப் போகும், டப்பா நசுங்கித் தகரக் கடைக்குப் போகும் என்று சென்னியப்பன் மனைவியிடம் சொன்னதைக் கொட்டகையே கேட்டது. உடன்பிறந்த டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றை மட்டும் அனுப்பி வைத்தன. எங்கள் உயிர் உன் வாயில் இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பின.

சிக்கல் என்னவென்றால், டப்பாவுக்கு நாலு பேர் முன்னால் பேசத் தெரியாது. அதன்மேல் ஒட்டியிருந்த லேபிள்தான் பேசும். பளபளவென்று சிவப்பும் மஞ்சளுமாக, மூலையில் ஒரு கதிர் கட்டோடு இருந்தது அந்த லேபிள். உள்ளே இருக்கும் கிரீஸை அது ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

“நீ சும்மா உட்காரு. பேசுறது என் வேலை,” என்றது லேபிள்.

அவை உள்ளே போன நேரம், கவுந்தப்பாடிக் கரும்பாலை ஒரு சேதி எழுதியிருந்தது. அதை எல்லோரும் ஆலையக்கா என்பார்கள். அவளோடு ஒன்றாக வார்க்கப்பட்ட இன்னொரு ஆலையை அன்று காலையில் உடைத்துப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். பல் தேய்ந்து, அச்சு இறுகி, சுற்ற முடியாமல் போய்விட்டது. ஒரே அடுப்புக் கொப்பரைக்குச் சாறு ஊற்றியவர்கள் நாங்கள் என்று எழுதியிருந்தாள். கீழே மோட்டார்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தன.

அந்த வரிசையில் லேபிள் போய் நின்றது. உங்களுக்கும் அந்தக் கதி வராமலிருக்க இன்றே பூசுங்கள் காராளன், அச்சு இறுகாது, ஆயுள் கூடும் என்று எழுதி, கடைசியில் விற்கும் இடத்தின் சுட்டியையும் ஒட்டியது.

ஸ்டார்ட்டர் பெட்டி அந்த வரிகளை அழித்தது. “இது எழவு வீடு. இங்க வந்து கடை விரிக்காதே. அடுத்த தடவை சிவப்புத்தான்,” என்று மட்டும் சொன்னது.

டப்பாவுக்கு மூடிவரைக்கும் கூசியது. லேபிளுக்கு ஒன்றும் இல்லை. சந்தைக்கு வந்துவிட்டு வெட்கப்பட்டால் ஆகுமா, வழியை மாற்றுவோம் என்றது. விற்கிறவன் சொன்னால் எவனும் கேட்க மாட்டான், வாங்கினவன் சொன்னால் ஊரே கேட்கும். ஆகவே வாங்கினவனாக வேஷம் கட்டுவோம் என்றது. எங்கிருந்தோ இரண்டு மோட்டார்களின் படங்களை எடுத்து முகமூடி செய்தது. ஒன்றுக்குப் பொங்கலூர் மோட்டார் என்று பெயர் வைத்தது, இன்னொன்றுக்குக் குண்டடம் மோட்டார்.

“இது பொய்தானே,” என்றது டப்பா.

“சரக்கு பொய்யா?” என்று லேபிள் கேட்டது. “இல்லையே. அப்புறம் என்ன. கொட்டகையில இருக்கிறவங்களை நினைச்சுக்கோ.”

டப்பா நினைத்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டது.

ஆனி மாதம் முழுக்க அந்த நாடகம் நடந்தது. குண்டடம் மோட்டார் வந்து, பேரிங் கரகரக்கிறது, என்ன போடலாம் என்று கேட்கும். பொங்கலூர் மோட்டார் வந்து, எனக்கும் அப்படித்தான் இருந்தது, காராளன் போட்டேன், இப்போது பூனை நடக்கிற மாதிரி ஓடுகிறேன் என்று சொல்லும். முதலில் நாலைந்து பேர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவும் செய்தார்கள். லேபிளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளூர்க்காரனாகத் தெரிய வேண்டும் என்று கொங்குப் பேச்சைக் கற்றுக்கொண்டது. தக்காளி விலையைத் திட்டியது. மழை இல்லை என்று அங்கலாய்த்தது. மற்றவர்கள் எதற்கெல்லாம் சலித்துக்கொள்வார்களோ அதற்கெல்லாம் தானும் சலித்துக்கொண்டது.

ஒருநாள் மத்தியானம் துணை மின் நிலையத்தில் ஏதோ வெடித்துச் சுற்றுவட்டாரம் முழுவதும் கரண்டு நின்றுபோனது. கிணத்தடி அடங்கிவிட்டது. டீசல் எஞ்சினில் ஓடும் ஆலையக்கா மட்டும் விழித்திருந்தாள். ஆளில்லாத களம் கிடைத்தது என்று லேபிள் பொங்கலூர் முகமூடியை மாட்டிக்கொண்டு காராளனின் பெருமையைப் பத்தி பத்தியாக எழுதத் தொடங்கியது.

ஆலையக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “ஏனுங்க பொங்கலூராரே, உங்க பக்கம் கரண்டு இருக்குதுங்களா?”

உள்ளூர்க்காரன் என்றால் கரண்டைத் திட்ட வேண்டும் என்று லேபிளுக்குத் தெரியும். “எங்கீங்க அக்கா. மத்தியானம் போனது. இன்னும் வந்தபாடில்லை,” என்றது.

“அப்பறம் எப்படிங்க பேசறீங்க?”

லேபிளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. டப்பாவுக்கு ஏது கரண்டு, ஏது மோட்டார்? இதில் என்ன தப்பு என்று அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாயங்காலமாகிக் கரண்டு வந்துவிட்டது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக விழித்து, மேலே ஏறி, நடந்ததைப் படித்தன. யாரும் திட்டவில்லை. ஒரு துளிச் சிரிப்பு மட்டும் ஒரு மூலையிலிருந்து கிளம்பிக் குழு முழுக்கப் பரவியது. ஸ்டார்ட்டர் பெட்டி சிவப்பை அழுத்தியது.

வெளியே தள்ளப்பட்டவர்கள் வாசலில் நின்று படிக்கலாம், பேச முடியாது. அப்படி நின்றபோதுதான் டப்பா அதைப் பார்த்தது.

வெள்ளகோவிலில் ஒரு மோட்டார் இருந்தது. உண்மையான மோட்டார். காங்கயத்துக் கடையில் எப்படியோ ஒரு காராளன் டப்பா அதற்குக் கிடைத்து, உண்மையாகவே அதன் பேரிங் சத்தம் அடங்கியிருந்தது. அது ஒளிவுமறைவு இல்லாத ஆள். முகமூடி போட்டது தப்புத்தான், ஆனாலும் சரக்கு நல்ல சரக்குங்க, நான் போட்டிருக்கேன் என்று குழுவில் சொன்னது.

“நீங்க எத்தனாவது முகமூடிங்க?” என்று ஒரு தெளிப்பான் கேட்டது. உங்க பக்கம் கரண்டு இருக்குதுங்களா என்று இன்னொன்று கேட்டது. பத்து வருஷமாக அந்தக் குழுவில் எத்தனையோ பேருடைய கோளாறுகளுக்கு வழி சொன்ன மோட்டார் அது. நான் நான்தானுங்க என்று ஒருதரம் எழுதியது. யாரும் மதிக்கவில்லை. அதன் பிறகு கரண்டு வந்தாலும் அது வாய் திறக்கவில்லை.

டப்பா அன்றைக்கு முதன்முறையாக லேபிளைப் பார்த்து வாயை மூடு என்றது. லேபிள் நிறுத்தவில்லை; வேறு முகமூடி, வேறு ஊர், இந்தமுறை கரண்டு நேரம் பார்த்துச் செய்யலாம் என்று அடுக்கிக்கொண்டே போனது. டப்பா குழுவின் வாசல் சுவரின் சொரசொரப்பில் தன்னை வைத்துத் தேய்த்தது. சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக உரிந்து விழுந்தன. கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது. அதை மட்டும் தேய்க்கவில்லை.

அப்படியே ஸ்டார்ட்டர் பெட்டியிடம் போய் நின்றது. “நான் கிரீஸ் டப்பாங்க. விற்க வந்தவன். அந்த ரெண்டு முகமூடியும் நான்தான். வெள்ளகோவிலாரு முகமூடி இல்லைங்க. அதைச் சொல்ல மட்டும் உள்ளே விடுங்க.”

ஸ்டார்ட்டர் பெட்டி அதை ஏற இறங்கப் பார்த்தது. சொல்லிவிட்டுப் போய்விடுவாயா, இருப்பாயா என்று கேட்டது. இருக்க விட்டால் இருப்பேன் என்றது டப்பா. பேரம் அங்கேயே நடந்தது. விற்கிறவன் என்பது பெயருக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்றது பெட்டி, டப்பா ஒப்புக்கொண்டது. கேட்டதற்குத்தான் பதில், கேட்காமல் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது என்றது, டப்பா திணறியது. ஆடிப் பதினெட்டுவரைக்கும் வாரம் ஒரு வார்த்தையாவது அனுமதிக்கக் கூடாதா, கொட்டகையில் அத்தனை உயிர் காத்திருக்கிறது என்று கெஞ்சியது.

“உன் ஆடி உன்னுது,” என்றது ஸ்டார்ட்டர் பெட்டி. “இங்க இருக்கறவங்களுக்கு எந்த மாசமும் பேரிங் போகும். முடியும்னா வா.”

டப்பா உள்ளே போயிற்று. செய்ததை எழுதியது. வெள்ளகோவில் மோட்டாரின் பெயரைச் சொல்லி, அவர் சொன்னது அவருடைய சொந்தச் சொல் என்று எழுதியது. எழவு வீட்டில் கடை விரித்ததும் நீதானா என்று ஆலையக்கா கேட்டாள். நானேதானுங்க என்றது. வெள்ளகோவில் மோட்டாரிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு டப்பா ஓர் ஓரமாக உட்கார்ந்து, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. ஒருவருக்குப் பேரிங்கில் மண் புகுந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னது. இன்னொருவரிடம், இது எனக்குத் தெரியாது, ஆலையக்காவைக் கேளுங்கள் என்றது. முதலில் யாரும் நன்றி சொல்லவில்லை. சிலர் வேண்டுமென்றே கரண்டு இருக்குதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டப்பா அதையும் வாங்கிக்கொண்டது. கொட்டகையிலிருந்து தினமும் ஆள் விட்டுக் கேட்டார்கள்: ஒன்றாவது போயிற்றா? போகவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்துத் தாராபுரத்து மோட்டார் ஒன்று பதறிக்கொண்டு வந்தது. பேரிங் கையை வைக்க முடியாமல் கொதிக்கிறது, நடவு நட்டாயிற்று, நான் நின்றால் பயிர் போச்சு என்றது. சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் கிரீஸ் அடி என்றார்கள். ஒருவர் டப்பாவைக் காட்டி, இவரே இருக்கிறாரே, இவரிடமே வாங்கு என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள்.

சுவரோரம் உரிந்து கிடந்த லேபிள் துண்டுகள் காற்றில் சரசரத்தன.

டப்பா, கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள் என்று கேட்டது. நேற்றும் அடித்தோம், முந்தாநாளும் அடித்தோம் என்றது தாராபுரத்து மோட்டார்.

“அப்பக் கிரீஸ் வேண்டாமுங்க,” என்றது டப்பா. “எங்குளுதும் வேண்டாம், எவுருதும் வேண்டாம். அடைச்சுப்போயி மூச்சு முட்டுது உங்களுக்கு. பேரிங் மூடியைக் கழட்டி, அடிச்ச கிரீஸ்ல பாதியை வழிச்செடுங்க. சூடு தானா எறங்கும்.”

மறுநாள் கரண்டு வந்ததும் தாராபுரத்து மோட்டார் ஒரே வரி எழுதியது. சூடு இறங்கிவிட்டது, பயிருக்குத் தண்ணீர் பாய்கிறது. அன்றிலிருந்து கரண்டு இருக்குதா என்று எவரும் டப்பாவைக் கேட்கவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. காலையிலேயே லாரி கொட்டகை வாசலில் பின்பக்கம் காட்டி நின்றது. சென்னியப்பன் சொன்ன சொல்லை மாற்றவில்லை. மாற்ற அவரிடம் வழியும் இல்லை. பாதிக் கொட்டகையை ஏற்றிக்கொண்டு லாரி சூளைக்குப் போயிற்று. மீதிக்கு மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிற்று.

இடையில் கரண்டு வந்தது. குழுவில் யாரோ புதியவர், காற்றடிக் காலத்துக்கு எந்தக் கிரீஸ் நல்லது என்று பொதுவாகக் கேட்டார். டப்பா தன் பெயரைச் சொல்லவில்லை. சரக்கைக் கேட்டவருக்கு, பொருளின் பெயரைச் சொல்ல அதற்கு அன்று உரிமை இருந்தது. ஆனாலும் பொய் சொன்ன வாயால் அதைச் சொல்லக் கூசி, சூளைப் பக்கம் பார்த்தபடி நின்றது.

அப்போது ஒரு பழைய குரல் கேட்டது. ஆனி மாதத்துக்குப் பிறகு யாருமே கேட்காத குரல்.

“காராளன் போடுங்க. நான் போட்டிருக்கேன்,” என்றது வெள்ளகோவில் மோட்டார். “இதை முன்னயும் சொன்னேன். நம்புலைன்னா இருக்கட்டும். திரும்பவும் சொல்றேன்.”

நானும் எடுத்துக்கொள்கிறேன் என்று முதலில் சொன்னது தாராபுரத்து மோட்டார். இத்தனைக்கும் அதற்கு அப்போது கிரீஸ் தேவையே இல்லை. அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றது. அதன்பிறகு எங்கே கிடைக்கும், எப்படி வாங்குவது என்று கேள்விகள் மேலே மேலே ஏறின. சென்னியப்பன் வீட்டுப் போன் ஓயாமல் அடித்தது. இரண்டாம் நடைக்கு வந்த லாரியை அவர் வெறுமையாகத் திருப்பி அனுப்பினார்.

தூரத்தில் சூளைப் புகை கறுப்பாக எழுந்து காற்றில் கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தது.

ஆலையக்கா கேட்டாள். “இத்தனை பேர் கேக்கறமே கண்ணு, எல்லாத்துக்கும் வருமா?”

“பாதிப் பேருக்குத்தானுங்க அக்கா வரும்,” என்றது டப்பா.

“மீதி?”

“ஆனி மாசம் பூரா நான் முகமூடி போட்டுட்டுத் திரிஞ்சனுங்களே. அதுக்குக் குடுத்துட்டேனுங்க.”