நாலாவது பீடம்

ஜவுளிக்கடை முதலாளி வைரவேலுக்கு திடீரென்று வள்ளலாகிவிடும் ஆசை வந்தது. அறக்கட்டளை தொடங்கி, கலை, அறிவியல், இலக்கியம், சமூகநீதி நாலையும் தானே வாழவைக்கப் போவதாக ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார். தொடக்க விழாவுக்குக் கலெக்டரே வருகிறார். கடை வாசலில் முட்டியளவு உயரத்தில் நாலு பீடம். முதல் மூன்றில் கல் வீணை, கல் தொலைநோக்கி, கல் புத்தகம். சமூகநீதிக்கு எதைச் செதுக்குவதென்று சிற்பிக்கும் தெரியவில்லை, முதலாளிக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

விழாவன்று அந்தக் காலிப் பீடத்தைப் பார்த்து, சேலைப் பிரிவு செண்பகவல்லி சிரித்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிறவள்.

"என்ன இளிப்பு? கலெக்டர் வர்றதுக்குள்ள அதுல சமூகநீதியைக் கொண்டாந்து வை. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

"வெச்சப்புறம் எடுக்கச் சொல்லக் கூடாது முதலாளி."

"கலெக்டர் திறந்து வெச்சதை எவன் எடுப்பான்?"

கலெக்டர் வந்து, நாலாவது பீடத்தை மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முதலாளி சட்டென்று செண்பகவல்லியைக் கைகாட்டினார்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார் கலெக்டர்.

செண்பகவல்லி பீடத்தில் ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இதாங்கய்யா. வேலை நேரத்துல இன்னிக்குத்தான் உட்காருறேன்."

கூட்டம் கைதட்டியது. கலெக்டர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள நாப்பது பொண்ணுங்க வேலை பாக்குறாங்க சார்," என்றார் முதலாளி. "அவங்களுக்கும் இதே மாதிரி... வைக்கிறதா இருக்கோம்."

"எப்போ?"

"இப்பவே வைக்கலாங்கய்யா, குடோன்ல ஸ்டூல் அடுக்கிக் கெடக்கு," என்றாள் செண்பகவல்லி. "முதலாளி போய் எடுத்துட்டு வரட்டும். நான் உட்கார்ந்திருக்கேன்."