குல்ரூவின் கன்னம்

அந்தக் காலத்தில் பூனைகள் பேசும். பேசும் என்றா சொன்னேன்? வாயை மூடாது. அதுவும் பாரசீகத்துப் பூனை என்றால் கேட்கவே வேண்டாம். கோள், குசும்பு, ஊர்வம்பு எல்லாம் அதன் வாயில்தான்.

ஷிராஸ் நகரில் ரோஜாப் பன்னீர் காய்ச்சும் ஃபர்ஹங் என்பவனின் மனைவி இறந்துபோனாள். பெயர் குல்ரூ. அண்டாவின் ஆவி அடித்து அவள் இடக்கன்னத்தில் ஒரு தழும்பு. முகமெல்லாம் சிரித்தாலும் அது மட்டும் சிரிக்காது. அந்த முகம் மறந்துபோய்விடுமோ என்ற பயத்தில் ஃபர்ஹங் ஓவியர் நூருல்லாவிடம் ஓடினான்.

"உஸ்தாத், அவளைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்."

"தூரிகைக்குப் பூனையின் தொண்டை மயிர் வேண்டுமே" என்றார் அவர்.

குல்ரூவின் மடியிலேயே வளர்ந்த பூனை கழுத்தை நீட்டியது. "பிடுங்கிக்கொள்ளும், உஸ்தாத். ஆனால் அவளை அவளாகவே எழுத வேண்டும்."

நூருல்லா தலையாட்டினார். ஆனால் அவர் கைக்குப் பழகியது ஒரே முகம். முந்தைய தலைமுறை உஸ்தாதுகள், அதாவது ஓவிய ஆசான்கள், எழுதிவைத்த முகம்: முழுநிலா வட்டம், வில் புருவம், மொட்டு வாய். ராணியானாலும் அதுதான், ரொட்டிக்காரியானாலும் அதுதான். அதில் இழை பிசகினாலும் அவருக்குப் பிழை. தழும்பை எழுதுவாரா?

படத்தைக் கண்டதும் பூனை சீறியது. "யார் இவள்? நீர் எழுதின பெண்களெல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்களா? தழும்பு எங்கே?"

"பெரியவர்கள் தழும்பு எழுதியதில்லை" என்றார் நூருல்லா.

ஃபர்ஹங் படத்தை வாங்கிக்கொண்டான். வேறு படம் ஏது? இதையாவது பார்ப்போம் என்று பார்த்தான். தாடி நரைக்கும்வரை பார்த்தான். நிலாமுகம் மெல்ல மெல்ல அவன் மனைவியைத் தின்றுவிட்டது.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் பூனையைக் கூப்பிட்டான். (பூனைக்கும் அப்போது ஆயுள் அதிகம், குறுக்கே பேசாதீர்கள்.)

"உண்மையைச் சொல்லு, கண்ணு. அவள் கன்னத்தில் ஏதோ இருந்ததோ? இதுதானே என் குல்ரூ?"

பூனை படத்தைப் பார்த்தது. கிழவனைப் பார்த்தது. இல்லை என்று சொன்னால் அவனுக்கு இருப்பதும் போய்விடும்.

"இவளேதான். கன்னத்தில் ஒன்றும் இல்லை."

அவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான். பிறகு திறக்கவில்லை.

அந்தப் பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் பூனையின் நெஞ்சிலும் அந்தத் தழும்பு மங்கத் தொடங்கியது. அது குல்ரூ வழக்கமாக உட்காரும் மூலைக்கு ஓடியது. இல்லாதவளை உற்றுப் பார்த்து, நெற்றி, மூக்கு, கன்னம் என்று அந்த முகத்தை ஒன்றுகூட்டப் பார்த்தது. இன்னொரு சொல் வெளியே வந்தால் மிச்சமும் போய்விடும் என்று வாயை இறுக்கிக்கொண்டது.

பூனைக்குலம் பேச்சை விட்டது அன்றைக்குத்தான். ஆளில்லாத மூலையை இமைக்காமல் பார்க்கத் தொடங்கியதும் அன்றுதான். நம்பிக்கை இல்லையென்றால் அதையே கேட்டுப் பாருங்கள். உங்களை ஒருதரம் திரும்பிப் பார்க்கும், ஒன்றும் சொல்லாது, மறுபடி மூலையைப் பார்க்கும்.