முதலில் வந்தவள்

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கும் முத்துப்பேச்சி, அன்று சாயங்காலம் மைதானத்துக்குள் வந்த வேகமே சரியில்லை. யாரையாவது கடித்துக் குதறாமல் அடங்கமாட்டாள் போலிருந்தது. பையைத் தரையில் எறிந்தாள். நேராகப் போய்ப் பயிற்சியாளர் ஞானசௌந்தரியின் முன்னால் நின்றாள்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. நல்லது செய்யிறவளுக்கு இந்த உலகத்துல மதிப்பே கிடையாதா?"

ஞானசௌந்தரி சுண்ணாம்புப் பொடியால் ஓட்டக் கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன ஆச்சு?"

"ரெஜினா நாளைக்கு மேடைக்கு வரமாட்டாளாம்!"

ரெஜினா பக்கத்திலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள். நானூறு மீட்டரில் மாநிலப் பதக்கம் வாங்கியவள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஞானசௌந்தரிதான் பயிற்சி. அவர்கள் ஓடுவதற்கென்று பள்ளியில் இருப்பது கல்லும் குழியுமான ஒரு கட்டாந்தரை. அங்கே நல்ல ஓடுதளம் போட்டுக் கொடுத்தே தீருவது என்று மூன்று மாதமாக நிதி திரட்டிக்கொண்டிருந்தாள் பேச்சி. கடை கடையாக ஏறி இறங்கினாள். அந்த அலைச்சலில் ஒரு இன்டர்னல் தேர்வைக் கோட்டை விட்டாயிற்று. பல்கலைக்கழகப் போட்டியில், எப்போதும் இவள் முதுகைப் பார்த்து ஓடுகிற மூன்று பேரின் முதுகைப் பார்த்து ஓடி நாலாவதாக வந்தாள். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாளைக்கு நிதி திரட்டலின் நிறைவு விழா. பெரும்பங்கு தருவதாக ஒப்புக்கொண்ட ஜவுளிக்கடை முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நிதி கேட்டு பேச்சி ஊரெல்லாம் ஒட்டிய போஸ்டரில் இருக்கும் பிள்ளை மேடைக்கு வந்து தன் கையாலேயே பணத்தை வாங்க வேண்டும். இல்லையென்றால் அவர் தரமாட்டார். தளமும் கிடையாது.

"ஏன் வரமாட்டாளாம்?"

"போஸ்டர் பிடிக்கலையாம்."

"தளம் வேண்டாம்னு சொன்னாளா?"

"தளம் வேணுமாம். மேடைதான் வேண்டாமாம். எப்படி இருக்கு கதை!"

"போஸ்டர்ல என்ன படம்?"

"அவ படம்தான். 'இருளில் தவிக்கும் பிஞ்சுக்கு ஒளி கொடுப்போம்'னு கீழ எழுதியிருக்கு. நானே யோசிச்சு எழுதுனது மேடம். பாத்தவுகல்லாம் கண்ணு கலங்கிட்டாக."

"பதக்கத்தோட இருக்கிற படமா?"

"பதக்கத்தோட போட்டா யாரு இரக்கப்படுவா? டிராக் சூட்டைக் கழட்டச் சொல்லி, ஹாஸ்டல்ல கிடந்த பழைய சுடிதாரைப் போட வச்சு எடுத்தோம். எல்லாம் அவ நல்லதுக்குத்தான? எனக்கு வயிறு எரியுது மேடம். படிப்பு போச்சு, ஓட்டம் போச்சு. இவ்வளவு செஞ்சும் இந்தப் பிள்ளைக்கு இம்புட்டு வீம்பா?"

ஞானசௌந்தரி சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார். பயிற்சிக்கு வந்து மைதானத்தின் அந்தப் பக்கம் கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"இவளுக்கு வழிகாட்டியா கூட ஓடுற பிள்ளைக்கு இன்னைக்குக் காய்ச்சல். நீ ஓடு பேச்சி. ஒரே சுற்று."

"நானா? இவகூடயா?"

"ஷூவை மாட்டு."

பேச்சியின் இடது மணிக்கட்டையும் ரெஜினாவின் வலது மணிக்கட்டையும் சேர்த்து ஒரு சாண் கயிற்றை மாட்டினார். விசில் ஊதினார்.

முதல் வளைவில் ரெஜினா கேட்டாள். "அக்கா, கோவமா?"

"பேசாம ஓடு."

"ஓடுதேன். மாட்டைப் பிடிச்சு இழுக்குற மாதிரி இழுக்காதீங்க. கை வலிக்கு."

பேச்சி காதில் வாங்கவில்லை. மூன்று மாத ஆத்திரமும் காலில் இறங்கியிருந்தது. ஆனால் ரெஜினாவும் லேசுப்பட்டவள் இல்லை. கடைசி நூறு மீட்டரில் அவள் மூச்சு பேச்சியின் தோளுக்குச் சரியாகப் பக்கத்தில் கேட்டது. இவளா என்னோடு சரிக்குச் சரி ஓடுவது என்று பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிவுக் கோட்டைக் கண்டதும் நெஞ்சை முன்னால் தள்ளினாள். பந்தயத்தில் ஓடிப் பழகிய உடம்பு வேறு என்ன செய்யும்? ஒரு அடி முந்திக் கோட்டைத் தாண்டினாள்.

"அவுட்" என்றார் ஞானசௌந்தரி.

"யாரு மேடம்?"

"ரெஜினா."

"அவ என்ன பண்ணா? நல்லாத்தான ஓடினா!"

"வழிகாட்டி முன்னால கோட்டைத் தாண்டினா ஓட்டம் செல்லாது. அதுதான் ரூல்."

பேச்சி ரெஜினாவைப் பார்த்தாள். "இப்படி ஒரு ரூல் இருக்குன்னு நீயாவது சொல்லக்கூடாதா?"

"மூணு மாசத்துல நீங்க ஒருநாளும் கேக்கலையேக்கா" என்று சிரித்தாள் ரெஜினா. கயிற்றை உருவி விட்டு, தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம் நடந்தாள்.

பேச்சிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் கோபம் அதிகம்.

"இது என்ன மேடம் அநியாயம்? முந்துனது நான். இழுத்தது நான். அவ பாட்டுக்கு ஒழுங்கா ஓடி வந்தா. நான் செஞ்சதுக்கு அவ எதுக்கு வெளிய போகணும்?"

ஞானசௌந்தரி, ஓடிய கால்கள் கலைத்துவிட்ட கோட்டின்மேல் மறுபடி சுண்ணாம்பைத் தூவத் தொடங்கினார்.

"நேத்து பஸ் ஸ்டாண்டுல யாரோ உன் போஸ்டரைப் பாத்துட்டு, ரெஜினா கையில பத்து ரூபாயைத் திணிச்சிட்டுப் போயிட்டாங்க. அவளும் என்கிட்ட வந்து இதையேதான் கேட்டா."