கருகிப்போன ட்வீட்டர்

எங்க உப்பளத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கலாமான்னு போன மாசம் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டாங்க. அங்க உப்பு வாருற பொம்பளை நான், எந்திரிச்சு கால்மணி நேரம் பேசினேன். உப்பு அரிச்ச காலைக்கூடத் தூக்கிக் காட்டினேன். நடுவுல, மைக் செட்டு வாடகைக்கு விடுற சிவனணைஞ்சானோட ஸ்பீக்கர்ல ட்வீட்டர் கருகி, வெறும் 'கும்கும்'னு இரைச்சல். கூட்டத்தை நடத்தின அதிகாரி என்ன எழுதினாரு தெரியுமா? 'பேச்சு விளங்கவில்லை. ஆட்சேபணை இல்லை.' வயிறு எரியுமா எரியாதா?

சண்டை போட்டு மறுகூட்டம் வாங்கினோம். சிவனணைஞ்சானுக்கு ஐம்பத்தி மூணு வயசு. வெக்கத்தை விட்டுட்டு, பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்குற ஜெனோவா டீச்சர்கிட்ட தொழில் கத்துக்கப் போய்ச் சேர்ந்தாரு. டீச்சருக்கு முப்பதுகூட ஆகலை.

மறுகூட்டத்தன்னிக்குக் காலையில டீச்சரைப் பந்தல்ல வெச்சுக் கேட்டாரு.

"டீச்சர், ட்வீட்டர் ஏன் கருகிச்சு? பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டாத்தான் கருகும்னு சொல்வாங்க. நான் சின்னதுதானே போட்டேன்?"

"அண்ணாச்சி, அந்தக் கடைசி வரிசைக்குக் கேக்குற மாதிரி உங்க ஊர்ப்பேரைச் சொல்லுங்க."

சொன்னாரு.

"பத்தாது. இன்னும்."

கத்தினாரு.

"இன்னும்!"

கழுத்து நரம்பு புடைக்க அலறினாரு. தொண்டை கிழிஞ்சு, இருமல் வந்து உக்காந்துட்டாரு.

"எந்த ஊருன்னே விளங்கலை"ன்னாங்க டீச்சர். "சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாத் திருகி இப்படித்தான் அலற விட்டீங்க. சத்தம் கிழிஞ்சு வெட்டுப்பட்டு, அதுல வர்ற சூடு பூரா ட்வீட்டர்ல இறங்கிருச்சு."

அப்புறம் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து பார்த்தாங்க.

"கிராஸ்ஓவர் எங்க?"

"சத்தம் கூடட்டும்னு கழட்டிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! கனத்த சத்தத்தை வூஃபருக்கும், மெல்லிசு சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்புறதே அதுதான். அதைக் கழட்டிட்டு நோஞ்சான் தலையில உப்பு மூட்டையை ஏத்திருக்கீங்க."

சிவனணைஞ்சான் கடைக்கு ஓடிப்போய்ச் சாமான் வாங்கிட்டு வந்தாரு. புது ட்வீட்டர், புது கிராஸ்ஓவர் மாட்டினாங்க. ரெண்டு மடங்கு பெரிய ஆம்ப்ளிஃபயர் வெச்சாங்க. ஆனா சத்தம் கூட்டுற குமிழைக் கால்வாசிதான் திருகினாங்க.

கூட்டம் ஆரம்பிச்சுது. நான் கத்தவே இல்லை. வீட்ல பேசுற மாதிரிதான் பேசினேன். உப்புல பட்டுத் தெறிக்கிற வெயில்ல கண்ணு போன என் மதினியைச் சொன்னேன். இந்த அளத்தை விட்டா எங்க நாப்பது குடும்பத்துக்கும் போக்கிடம் கிடையாதுன்னு சொன்னேன். கடைசி வரிசையில பொம்பளைங்க அழுதாங்க.

அதிகாரிக்கு முகம் கறுத்துப்போச்சு. "ஏய் மைக் செட்டு! சத்தத்தைக் குறை!"

சிவனணைஞ்சான் கை குமிழுக்குப் போச்சு. அரசாங்க விழாவுக்கெல்லாம் இந்த அதிகாரிங்க கூப்பிட்டாத்தான் அவருக்குப் பிழைப்பு.

"டீச்சர், குறைச்சிரவா?"

"உங்க செட்டு, அண்ணாச்சி. உங்க கை."

அவரு குமிழ்ல இருந்து கையை எடுத்தாரு. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நிமிர்ந்தாரு.

"குறைக்க மாட்டேன், சார்."

அதிகாரி எந்திரிச்சுட்டாரு. கோவத்துல தன் மூஞ்சிக்கு முன்னாடி ஒரு மைக் இருக்குறதே அவருக்கு மறந்துபோச்சு.

"இந்தம்மா பேசுற ஒவ்வொரு வார்த்தையும் காதுல வந்து அறையுதுய்யா! குறைடா!"

பந்தல் பூரா அது கணீர்னு கேட்டுச்சு.

டீச்சர் என் கையிலிருந்த மைக்கை வாங்கினாங்க.

"இந்தத் தடவை, நீங்க இப்ப சொன்னதை அப்படியே எழுதிக்கோங்க, சார்."