துளசிமணியின் நம்பர்

குருவைத் தேடிப் போகிறவர்கள் மலை ஏறுவார்கள், காடு கடப்பார்கள் என்று கதைகளில் வரும். நாச்சிமுத்து ஏறியது கோபி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த வியாபாரிகள் சங்கக் கட்டடத்தின் மாடிப்படியை. அவருடைய முழங்காலுக்கு அதுவே மலைதான்.

மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடந்தது. தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்களும் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர்களும் வருமான வரிக் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்யப் பழகுகிற வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஹசீனா டீச்சர். நாச்சிமுத்துவின் தார்ப்பாய்க் கடைக்கு டீச்சரைவிட வயது அதிகம்.

கடையில் வேலையாள் கிடையாது. மஞ்சள் காயப்போடுகிற காட்டுக்கார விவசாயிகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் தார்ப்பாயை அளந்து வெட்டி, ஓரம் மடித்து, கயிறு கோக்க வளையம் அடித்துக் கொடுப்பார். முதலாளியும் அவரே, கடையைக் கூட்டுகிறவரும் அவரே. வீட்டு மாடியை ஜெபராணி என்கிற நர்ஸுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கடை வரவு, வாடகை வரவு இரண்டுக்கும் வரி விவகாரம் பார்த்தது அவர் மனைவி துளசிமணி. தை மாதம் அவள் இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை.

முதல் நாள் வகுப்பிலேயே நாச்சிமுத்து எழுந்து நின்று கேட்டார்.

"ஏனுங் டீச்சர், இத்தனை சாஃப்ட்வேர் இருக்குதே, எதுங் நல்லது?"

டீச்சர் பதிலுக்கு ஒன்று கேட்டார். "உங்க கடையில எந்தத் தார்ப்பாய் நல்லதுங்கய்யா?"

"அதெப்படிங் சொல்றது? எதை மூடோணும்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. காசு கட்டி வந்தவனுக்கு இதுதானா பதில் என்று வீடு போய்ச் சேரும்வரை முணுமுணுத்தார். வீட்டில் கேட்க ஆள் இருந்திருந்தால் அங்கேயும் தொடர்ந்திருப்பார்.

அன்று சாயங்காலம், தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரைத் தன் போனில் இறக்கினார். பெயர் கேட்டது, கொடுத்தார். மொபைல் நம்பர் கேட்டது. அங்கேதான் தவறு நடந்தது. தன் நம்பருக்குத் தானே போன் போடுகிற மனிதன் உலகத்தில் உண்டா? நாச்சிமுத்துவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர். சோறு ஆயிற்றா என்று கேட்க, மாத்திரை எங்கே என்று கேட்க, காலையில் பாதியில் விட்ட சண்டையை மத்தியானம் தொடர, கடையிலிருந்து அவர் கூப்பிட்ட நம்பர். விரல் தானாக அதையே அடித்தது.

பீரோவுக்குள் குருவி கத்தியது.

செய்தி வந்தால் அப்படிக் கத்துகிற மாதிரிதான் துளசிமணி தன் போனில் வைத்திருந்தாள். அவள் போன பிறகும் அந்தப் போனுக்கு மாதாமாதம் கடையில் இருந்துகொண்டே ரீசார்ஜ் செய்து, சார்ஜ் ஏற்றி, சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தார் நாச்சிமுத்து. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எச்சில் கையோடு எழுந்து போய் பீரோவைத் திறந்தார். 'வருக, வருக! எங்களோடு இணைந்ததற்கு நன்றி' என்று செய்தி வந்திருந்தது. தை மாதம் போனவளுக்கு வைகாசியில் ஒரு வரவேற்பு. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதார். பல மாதமாக அந்த வீட்டுக்குள் அவர் உண்டாக்காத ஒரு சத்தம் அன்றுதான் கேட்டது.

இதைத் தெரிந்துகொண்டால் மீதியைப் புரிந்துகொள்ளலாம். நமக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியாது.

நாச்சிமுத்து சாஃப்ட்வேர் மாற்ற ஆரம்பித்தார்.

"டீச்சர், அந்த இலவசத்துல வாடகைக்குச் சரியான இடமே இல்லீங்."

"சரி, வேற பாருங்க."

அடுத்த வாரம், "இதுல வாடகை நல்லா ஏறுதுங். ஆனா சரக்கு வாங்குனதைக் காட்டறதுக்குள்ள தலை சுத்திப் போகுதுங்."

அதற்கடுத்த வாரம், "இதுக்கு வருஷச் சந்தா கேக்கறானுங்." இன்னொரு வாரம், "இவங்க உதவி நம்பருக்குப் போட்டா பாட்டுத்தாங் பாடுது."

எல்லாம் உண்மையான குறைகள்தாம். வேடிக்கை அதுதான். எந்த சாஃப்ட்வேரை எடுத்தாலும் குறை சொல்ல ஒன்று கிடைத்தது. குறை கிடைத்ததும் புதியது ஒன்றை இறக்க நியாயம் கிடைத்தது. புதியதில் பெயரைப் பதிந்ததும் குருவி கத்தியது. எல்லாவற்றிலும் கடைசிப் பொத்தான் வரைக்கும் போவார். அதை மட்டும் அழுத்த மாட்டார். அழுத்தினால் துளசிமணியின் போனுக்கு ஓ.டி.பி. என்கிற ரகசிய எண் வரும், அதை அடித்தால் தாக்கல் முடிந்துவிடும். தாக்கல் முடிந்துவிட்டால் அப்புறம் அந்த நம்பரை யார் தேடப் போகிறார்கள்?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் பக்கத்துப் பெஞ்சுக்காரர், காதில் விழும்படியாகவே. நாச்சிமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. தன்னைப் பற்றி ஒருவர் அந்த அளவுக்காவது பேசியதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

தன் போன் எந்நேரமும் கத்திக் குருவியை அமுக்கிவிடுமோ என்று அதன் சத்தத்தை அடியோடு அணைத்து வைத்தார். கடைக்கு வருகிறவர்கள் நேரில்தான் வருவார்கள், அதில் நஷ்டம் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் வந்தது. மாதம் பிறந்தால் ஜெபராணி வாடகையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வருவாள். துளசிமணி இருந்தவரை அது வாடகை கொடுக்கிற காரியமாகவே இருந்ததில்லை. இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தால் காபி ஆறி, இன்னொரு காபி போட்டு, அதுவும் ஆறும். துளசிமணி போன பிறகும் ஜெபராணி வந்துகொண்டுதான் இருந்தாள். நிலைப்படியில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

வாடகை பேங்குக்கு வந்தால் தானே பிடித்துக்கொள்ளும் என்று ஒரு சாஃப்ட்வேர் சொன்னது. நாச்சிமுத்து அவளிடம் சொன்னார்.

"இனிமே பேங்க்லயே போட்டுரு கண்ணு. சாஃப்ட்வேரே புடிச்சுக்கும். நீ எறங்கி வரோணும்னு இல்ல."

அவள் நிலைப்படியில் வைத்த கையை எடுத்தாள். "சரிங்க அங்கிள்" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அவள் வரவில்லை. வருவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. டியூட்டி முடிந்து வருகிறவளின் செருப்புச் சத்தம் அவர் கதவைத் தாண்டி மாடிப்படியில் ஏறிப் போகும். அவர் உள்ளே உட்கார்ந்து பீரோவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடியும் பிறந்துவிட்டது. தாக்கலுக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. வகுப்பில் எல்லோரும் முடித்துவிட்டார்கள், கூடம் கோணல் என்று சொன்னவர் உட்பட. நாச்சிமுத்து மறுபடியும் கேட்டார்.

"அப்ப எதுதாங் நல்லது டீச்சர்?"

"எதுல முடிக்கிறீங்களோ அது."

நாச்சிமுத்து போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வாரம் நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ரகசிய எண் வர்ற போன் வீட்ல இருக்குதுன்னே ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க. அதையும் எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தார். துணிக்கடை மஞ்சள் பைக்குள் ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் அந்தப் போன். மற்றவர்கள் போன பிறகு இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தார்கள். முதன்முதலில் இறக்கிய அந்த இலவச சாஃப்ட்வேரையே எடுக்கச் சொன்னார் டீச்சர். கடை வரவு ஏறியது. வாடகைக்கு இடம் இல்லை என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தாரே, அந்த இடம் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. கடைசிப் பொத்தானும் வந்தது. ரகசிய எண் அனுப்பட்டுமா என்று கேட்டது. விரலை நீட்டியவர் மடக்கிக்கொண்டார்.

"வேண்டாங் டீச்சர். இன்னொண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அதுல எல்லாம் தமிழ்லயே கேக்குதாமுங்."

"அதுக்கும் இதே நம்பர்தான் குடுப்பீங்களா?"

நாச்சிமுத்து மஞ்சள் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எதை மூடோணும்னு தெரிஞ்சாத்தான் தார்ப்பாய் குடுக்க முடியும்னு மொத நாள் சொன்னீங்க. நீங்க எதை மூடப் பாக்கறீங்கய்யா?"

நாச்சிமுத்து கைக்குட்டையைப் பிரித்து மடித்தார், மறுபடி பிரித்தார்.

"இது எங்க ஊட்டுக்காரம்மா நம்பருங். அவ தையில போயிட்டா."

டீச்சர் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"புதுசா ஒண்ணுல பேரைப் பதிஞ்சா இது கத்துமுங். குருவியாட்டம். இந்த நம்பருக்கு வேற ஆருங் கூப்பிடப் போறாங்க? நாந்தாங் கூப்பிட்டுட்டு இருந்தேன்."

கீழே பேருந்து நிலையத்தில் சத்தியமங்கலம் போகிற பஸ்ஸுக்குக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் கிளம்பியதும் டீச்சர் வேலைக்குத் திரும்பினார். "போன வருஷம் வாடகைப் பணம் பேங்க்ல எவ்வளவு கட்டியிருக்கீங்கன்னு ஒரு தடவை சரி பார்த்துக்கலாம். பேங்க் செய்தி எந்தப் போனுக்கு வரும்?"

"என்ற போனுக்குங்." தன் போனை எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் செய்திகளைத் திறந்தார். பேங்க் செய்திகளுக்கு மேலே ஜெபராணி பெயர் இருந்தது. படிக்காத செய்திகள் என்று காட்டியது.

"இது யாருங்கய்யா?"

"மாடி வீட்டுப் புள்ளைங். வாடகை போட்டேன்னு போட்டிருக்கும்."

"படிக்கலாங்களா?"

"படிங். அதுல என்ன இருக்கப் போகுது."

டீச்சர் படித்தார். "'அங்கிள், வாடகை போட்டாச்சு. சாப்டீங்களா?'"

"சும்மா விசாரிக்குமுங்."

"'அங்கிள், ஆன்ட்டி சொல்லிக்கொடுத்த மாதிரி அரிசிம்பருப்பு சாதம் வச்சேன். சரியா வந்திருக்கான்னு யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.'"

நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

"'அங்கிள், கதவு தட்டலாமான்னு ரெண்டு தடவை வந்து நின்னுட்டுத் திரும்பிட்டேன். நீங்க வர வேண்டாம்னு சொன்னீங்க.'"

டீச்சர் நிறுத்தவில்லை. நேற்று வந்ததையும் படித்தார்.

"'அங்கிள், கீழ லைட் எரியல. இருக்கீங்களா?'"

நேற்று சாயங்காலம் லைட் போடாமல் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. தலைக்கு மேலே யாரோ வெகு நேரம் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது.

"பதில் போடலியாங்கய்யா?"

"கேக்கலீங் டீச்சர். சத்தத்தை அணைச்சு வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

அவர் துளசிமணியின் போனைப் பார்த்தார்.

டீச்சர் அவர் போனின் ஓரத்துப் பொத்தானைப் பிடித்து, சத்தத்தை முழுக்க ஏற்றினார். மேஜைமேல் துளசிமணியின் போனுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"இப்ப அனுப்பச் சொல்லுங்க."

நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார். குருவி கத்தியது. ஆளில்லாத அந்த ஹாலில் அது வீட்டில் கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்டது. வந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றாக அடித்தார். தாக்கல் முடிந்தது என்று வந்தது.

அவர் அந்தப் போனைக் கைக்குட்டையில் சுற்றினார். சுற்றி முடித்தும் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இனி இது கத்தாதுங்களே டீச்சர்."

"கத்தாதுங்கய்யா." டீச்சர் மேஜைமேல் இருந்த அவருடைய சொந்தப் போனை அவர் பக்கம் தள்ளினார். "இது கத்தும். எடுக்கணும்."