அரக்கு வைத்த மரவை

"அம்மா, கஞ்சியைக் கொஞ்சம் ஆற வச்சு ஊத்தினா என்ன?"

காளத்தி கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் அஞ்சுகம்.

"வயசானவங்க வர்றாங்க. கை பொத்துப் போகுது."

"ஊர்ல வாந்திபேதி. கொதிக்கக் கொதிக்கத்தான் போகணும். பொத்த கை ஆறிரும்."

சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கேள்வி என்னவோ கருணையாகத்தான் இருந்தது. கேட்டவர் மனசில் இருந்தது வேறு.



மலைமேல் இருந்த அந்த மடத்துக்கு அஞ்சுகம்தான் குரு. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காளத்திக்கு அறுபது. ஒரு ஜமீனில் காரியஸ்தராக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். எல்லாவற்றையும் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மடத்தில் மந்திரம் கிடையாது, உபதேசம் கிடையாது. வந்த அன்றே கையில் உளியைக் கொடுத்துவிடுவாள். மரம் கடைய வேண்டும். ஒருவர் கயிற்றை இழுத்து இழுத்து விட, மரம் முன்னும் பின்னும் சுழலும். எதிரே உட்கார்ந்தவர் உளி பிடிப்பார். வேங்கை, வாகை, பூவரசு என்று அக்கம்பக்கத்தில் கிடைத்த மரத்தில் கிண்ணம் கடைவார்கள். மரவை என்று அதற்குப் பெயர்.

பச்சை மரத்தைக் கடைந்தால் காயும்போது வெடித்துவிடும். அதனால் முதலில் தடிமனாகக் கடைந்து, அதன் தூளுக்குள்ளேயே புதைத்து, ஒரு பருவம் போன பிறகுதான் மெல்லிசாக்குவார்கள்.

பஞ்சம் வந்தபோது அதற்கெல்லாம் நேரம் இல்லாமல் போயிற்று.

மடம் கஞ்சி காய்ச்சி ஊற்றியது. வாங்க வந்தவர்களிடம் பாத்திரம் இல்லை. சட்டி பானை வரைக்கும் விற்றுத் தின்றிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு மரவை, நாளைக்கு ஒரு மரவைக் கஞ்சி என்று அஞ்சுகம் சொன்னாள். பச்சை மரத்தையே கடைந்தார்கள். பாதி வெடித்தது. வெடித்ததைக் கஞ்சி அடுப்பில் போட்டு எரித்தார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

காளத்தி கடைந்தது மட்டும் வெடிக்கவில்லை.

"காளத்தியார் கை பட்டா மரம் சொன்னபடி கேக்குது," என்று அஞ்சுகம் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

சொல்லியிருக்க வேண்டாம்.



அந்தக் கேள்விக்கு முந்தின நாள் சாயங்காலம், அவர் கடைந்த பூவரச மரவை ஒன்றின் அடியில் முடி போல ஒரு கீறல் ஓடியிருந்தது.

அடுப்பில் போட வேண்டியதுதானே? மனம் வரவில்லை மனிதருக்கு.

அரக்கை உருக்கினார். மரத்தூளை அதில் குழைத்துக் கீறலில் அப்பினார். தேய்த்து, எண்ணெய் பூசினார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை. மடத்தில் எல்லா மரவையையும் தண்ணீர் ஊற்றித்தான் சோதிப்பார்கள். அதுவும் தேறிவிட்டது.

படுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பச்சைத் தண்ணீரில் அரக்கு நிற்கும். கொதிக்கிற கஞ்சியில்?

விடிந்ததும் ஓடினார். மரவைகளைக் கஞ்சிப் பந்தலுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். எது என்று அவருக்கே தெரியவில்லை. அத்தனை சுத்தமான வேலை.

அதன் பிறகுதான் அஞ்சுகத்திடம் போய்க் கஞ்சியை ஆற வைக்கச் சொன்னார்.

'ஒண்ணுல அரக்கு வச்சிருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாவற்றிலும் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்திருப்பார்கள். கொஞ்சம் நேரமாகியிருக்கும். இரண்டு பேர் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியாது.

பந்தலில் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றார். ஒவ்வொரு மரவையிலும் ஆவி பறக்கக் கஞ்சி விழுந்தது. எதுவும் பிளக்கவில்லை. மரம் மெதுவாகத்தான் சூடேறும்.

ஜனங்கள் மரவையை ஏந்திக்கொண்டு மலை இறங்கினார்கள்.

அன்றும் யாரும் உடைந்த மரவையோடு திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தாங்கியிருக்கும் என்று காளத்தி நினைத்தார். நன்றாகச் சாப்பிட்டார்.



அதற்கு மறுநாள் மாயக்கா வந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைக்காரி. புருஷன் பிழைக்கப் போன இடத்திலிருந்து தகவல் இல்லை. பேச்சி என்று ஒரே ஒரு பெண் குழந்தை.

வரிசையில் நிற்காமல் நேரே அஞ்சுகத்திடம் வந்தாள். ஒரு துணி மூட்டையைக் கீழே வைத்தாள். உள்ளே இரண்டாகப் பிளந்த மரவை.

"மடத்துச் சாமானை ஒடச்சிட்டேன் தாயே. மன்னிச்சிருங்க."

"எப்படி ஒடஞ்சது?"

"ஓடையில கல்லு தாண்டயில கால் எடறுச்சு. கையில பலமில்ல. பாறையில இடிச்சிட்டேன் போல. மடார்னு விட்டுருச்சு."

"கஞ்சி?"

"மணலோட வழிச்சு அள்ளிட்டுப் போனேன். துணியில வடிகட்டினேன். மணலுதான் இருந்துச்சு."

"திரும்பி வந்திருக்கலாமே, மாயக்கா."

"வீட்டுக்கு ஒண்ணுதான்னு சொல்லியிருந்தீங்க. ஏறி வரத் தெம்பும் இல்ல. மறுநாளு வரலாம்னு இருந்தேன். மறுநாளு பேச்சியை விட்டுட்டு எந்திரிக்க முடியல."

"இப்ப பேச்சி எங்க?"

மாயக்கா தலையை மட்டும் அசைத்தாள்.

அழவில்லை. "ஒரு வாய் உள்ள போயிருந்தாப் பொழச்சிருக்கும். நான் ஒழுங்காப் பிடிச்சிருந்தா," என்றாள்.

அஞ்சுகம் பிளந்த துண்டுகளை எடுத்தாள். பிளவின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நகத்தால் சுரண்டினாள். சுரண்டியதை விரல்நுனியில் வைத்துப் பார்த்தாள்.

காளத்தி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"காளத்தியாரே, இவளுக்கு வேற ஒண்ணு கொடுங்க."

"இனிமே எனக்கெதுக்கு, தாயே?"

"வாங்கிக்க."

காளத்தி கொண்டுவந்து நீட்டினார். மாயக்கா இடது கையால் வாங்கினாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இடது எது வலது எது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் கஞ்சி வாங்காமலே இறங்கிப் போனாள்.



பந்தல் ஓய்ந்த பிறகு அஞ்சுகம் கடைசல் பட்டறையில் உட்கார்ந்தாள்.

"கயித்த இழுங்க," என்றாள்.

காளத்தி இழுத்தார். மரம் சுழன்றது. சுருள் சுருளாகத் தூள் விழுந்தது. நாலு இழுப்புக்கு மேல் அவரால் முடியவில்லை. கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் விழுந்தார்.

"அம்மா, அது என் வேலை."

"தெரியும்."

"எனக்கு ஒரு பிராயச்சித்தம் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்களேன்."

"இனிமே உளியைத் தொட மாட்டேன்."

"சரி."

"ஒரு மண்டலம் தண்ணி மட்டும் குடிச்சுக் கிடக்கேன்."

"சரி. அது யாருக்கு?"

காளத்தி யோசித்தார். "எனக்குத்தான்."

"உங்களுக்குத்தான் நிறையச் செஞ்சாச்சே, காளத்தியாரே."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அஞ்சுகம் கயிறு இழுக்க ஆளில்லாமல் நின்ற மரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அவகிட்டப் போய்ச் சொல்லணும்ங்கிறீங்களா?" என்றார் காளத்தி.

"நான் எதுவும் சொல்லலியே."

"சொன்னா மடத்துப் பேரு போயிரும். நாளைக்கு ஒருத்தரும் நம்ம மரவையை நம்பி வாங்க மாட்டாங்க."

"சுடுதண்ணி ஊத்திக் காட்டுவோம். நம்புறவங்க நம்பட்டும்."

"அவ என்னைச் சபிப்பா."

"சபிக்கட்டும்."

"சொல்லி என்ன ஆகப்போகுது அம்மா? செத்த பிள்ளை எந்திரிச்சு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு அவ புண்ணைக் கிளறணும்?"

அஞ்சுகம் உளியைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"புது மரவையை அவ எந்தக் கையால வாங்கினா?"



பொழுது சாய்வதற்குள் காளத்தி ஓடையைத் தாண்டினார்.

மாயக்கா குடிசைக்குள் உட்கார்ந்திருந்தாள். மடத்துச் சாமியைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். அவர் கையமர்த்திவிட்டு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"தாயி, அந்த மரவையைக் கடைஞ்சது நான்."

"நல்லாத்தான் இருந்துச்சு சாமி. நான்தான்..."

"நல்லால்ல. அதுல கீறல் இருந்துச்சு. பேருக்கு ஆசைப்பட்டு அரக்கு வச்சு மறைச்சேன். சூடு பட்டா அரக்கு இளகிரும். எனக்கு அது தெரியும். நீ வாங்கறதுக்கு முன்னாடியே தெரியும். வாயைத் திறக்கல."



காளத்தி தலையைக் குனிந்துகொண்டார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். காறித் துப்புவாள் என்று காத்திருந்தார். அதில் ஏதாவது ஒன்றை அவள் செய்துவிட்டால் அவருக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"நான் பாறையில இடிக்கலையா?" என்றாள் மாயக்கா.

"நீ எதுலயும் இடிக்கல."

"கால் எடறுச்சே சாமி."

"எடறியிருக்கலாம். கால் எடறினதுக்கெல்லாம் நல்ல மரவை பிளக்காது."

"கையில பலமில்லாமப் போச்சேன்னு..."

"பலம் இருந்தாலும் அது பிளந்துதான் இருக்கும், தாயி. யாரு பிடிச்சிருந்தாலும் பிளந்திருக்கும்."

மாயக்கா முந்தானையை விலக்கி வலது கையை வெளியே எடுத்தாள்.

உள்ளங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் வெந்து போயிருந்தது. அவளே கங்கில் வைத்து அழுத்தி, எடுக்காமல் பிடித்திருந்த கை.

அதை இடது கையால் தாங்கி, அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்ப இது ஒரு தப்பும் செய்யலையா, சாமி?"