தலைவர் வண்டியின் கரகரப்பு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் ஊராட்சித் தலைவர் தாண்டவராயன், ஏசையாவின் பட்டறை முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கத்தினார்.

“முன் பிரேக்கைப் பிடிச்சா கரகரன்னு அரைக்குது. போன வாரம் நீ பார்த்த வேலைதான். ஒரு நட்டுகூடக் கழற்றாம இப்பவே சத்தத்தை நிறுத்து. இல்லேன்னா, பிரேக்கைக் கெடுத்த இந்தப் பட்டறையைப் பிரிச்சு எறிஞ்சிடுவேன்.”

பிழைப்பு போய்விடுமே என்று பயந்த ஏசையா, கையில் எடுத்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அங்கே வண்டி கழுவும் செல்லக்கிளி குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தாள்.

“நேத்து வண்டிக்குப் பூசை போட்டது யாருங்கய்யா?”

“நானேதான். ஊராட்சி ஆபீஸ் வாசல்ல, ஊரே பார்க்கப் போட்டேன்.”

“சந்தனமும் நீங்களே பூசினீங்களா?”

“பின்னே? ஒரு இடம் விடலை.”

செல்லக்கிளி தண்ணீர் ஊற்றி, பிரேக் டிஸ்க்கை நாரால் தேய்த்தாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வண்டியை உருட்டிப் பிரேக்கைப் பிடித்தாள். சத்தமே இல்லை.

“பிரேக் கெட்டது உங்க ஆபீஸ் வாசல்லதாங்கய்யா. அதைப் பிரிக்க எத்தனை ஆள் வேணும்?”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். தெரு வளைவில்கூட அவர் பிரேக் பிடிக்கவில்லை.